மறுபடி கிளாரினெட் எடுக்கிறவருக்கு: பிளாஸ்டிக்கா, மரமா?

“அண்ணாச்சி, விட்ட கிளாரினெட்டத் திரும்பத் தொடலாம்னு இருக்கேன். இந்தத் தடவ மரத்துலயே வாங்கிறட்டா?”

பாளையங்கோட்டைப் பக்கம் இப்படிக் கேட்கிறவர் பெரும்பாலும் ஒரே வகை ஆள். பள்ளிக்கூடப் பேண்டிலோ கோயில் பாடகர் குழுவிலோ வாசித்தவர். வேலை, கல்யாணம், வளைகுடா என்று இருபது முப்பது வருடம் ஓடிவிட்டது. இப்போது கையில் கொஞ்சம் பணம், சாயங்காலத்தில் கொஞ்சம் நேரம். அந்தக் காலத்தில் பள்ளிக்கூடம் கொடுத்த வாத்தியம் பிளாஸ்டிக். ஸ்பிரிங் அறுந்த இடத்தில் ரப்பர் பேண்டு போட்டு வாசித்த அனுபவம் அவருக்கு உண்டு. அதனால் மனசு நேராக மரத்துக்குப் போகிறது.

அந்த ஆசையில் தப்பு சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் திரும்ப வருகிறவர் செலவழிக்க வேண்டிய முதல் பத்தாயிரம் மரத்துக்குப் போகக் கூடாது என்பது என் கட்சி. எங்கே வாசிக்கப் போகிறார், எவ்வளவு தூரத்தில் பழுது பார்க்க ஆள் இருக்கிறார் என்ற இரண்டும்தான் இந்த ஊரில் மரத்தையும் பிளாஸ்டிக்கையும் தீர்மானிக்கின்றன. தொனி அதற்குப் பிறகுதான்.

கடையில் என்னென்ன கிடைக்கும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மாணவர் ரகம் என்றால் ஏபிஎஸ் பிளாஸ்டிக்: யமஹா 255, புஃபே கிராம்போனின் ப்ரோடிஜ் (அதற்கு முன்னால் பி12 என்று வந்தது), ஜூபிடர் 700. நடுத்தர ரகம் என்றால் பெரும்பாலும் ஆப்பிரிக்கக் கருமரம். வியாபாரத்தில் கிரெனடில்லா என்பார்கள். யமஹா 450, புஃபேயின் இ11, இ12எஃப், இ13 எல்லாம் இந்த வரிசை. இதற்கு மேலே 1955-இல் வந்த புஃபே ஆர்13 போன்றவை. அவை தொழில்முறைக் கலைஞருக்கானவை, இங்கே பேச்சில் இல்லை. விலையில், மர நடுத்தர ரகம் நல்ல பிளாஸ்டிக்கைப் போல இரண்டு மடங்குக்கும் மேலே. இ13 அதற்கும் மேலே போகும்.

அந்தக் கூடுதல் பணத்துக்கு என்ன வருகிறது? நம் பக்கத்து ஆட்களிடம் கேட்டால் “மரம்னா நாதம்” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். ஆச்சா மரத்து நாகசுரத்தைக் கேட்டு வளர்ந்த காது இது. நாகசுர வித்வான் காருக்குறிச்சி அருணாசலம் பிறந்த ஜில்லாவில் ஒருவரிடம் போய் ‘மரம் முக்கியமில்லை’ என்று சொன்னால் அடிக்க வருவார்கள். கிளாரினெட்டில் ஒலிப்பது குழலுக்குள் இருக்கிற காற்றுத் தூண். இவ்வளவு கனமான சுவர் அதிர்ந்து கொடுக்கிற பங்கு மிகச் சொற்பம். தொனியைச் செய்வது ரீடு (ஊதினால் அதிர்கிற மெல்லிய நாணல் தக்கை), அதைக் கட்டி வாயில் வைக்கிற மவுத்பீஸ், உட்குழலின் அளவு, துளைகளை உள்பக்கம் இழைத்த நேர்த்தி ஆகியவை. நடுத்தர ரக மர கிளாரினெட் நன்றாகக் கேட்கிறது என்றால், அந்த விலையில் கம்பெனிக்காரன் உட்குழலுக்கும் துளைகளுக்கும் அதிக உழைப்புப் போடுகிறான் என்பதே பெரிய காரணம். சுருதி ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்குச் சமமாக நிற்கும், கீழ் ஸ்தாயி அடர்த்தியாக வரும், மெல்ல ஊதும்போதும் குரல் கலையாது. இதை வாசிக்கிறவர் உடனே உணர்வார். கடைசிப் பெஞ்சில் இருக்கிறவருக்கு அவ்வளவாகத் தெரியாது.

துளைகளைத் திறந்து மூட விரலால் அழுத்துகிற சாவிகளிலும் வித்தியாசம் உண்டு. 255-இல் நிக்கல் பூச்சு, 450-இல் வெள்ளிப் பூச்சு. சித்திரை வைகாசியில் விரல் வேர்த்தால் நிக்கல் வழுக்கும். வெள்ளி பிடித்து நிற்கும், ஆனால் கறுத்துப் போகும், துணியால் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். இதே 255-ஐ வெள்ளிப் பூச்சோடும் யமஹா செய்கிறது; 255எஸ் என்று கேட்க வேண்டும். பெரிய விஷயம் இல்லை, கேட்டு வைத்துக்கொள்ளலாம்.

அந்த முதல் பத்தாயிரம் போக வேண்டிய இடம் மவுத்பீஸும் ரீடும். விட்டு வந்தவருக்கு விரல் சீக்கிரம் திரும்பும். உதடு திரும்பாது. வாயோரத் தசை தளர்ந்திருக்கும், கால்மணி நேரத்தில் காற்று பக்கவாட்டில் ஒழுகும். அந்த நிலையில் திறப்பு (நுனிக்கும் ரீடுக்கும் நடுவே உள்ள இடைவெளி) அகலமான மவுத்பீஸும் 3 எண் ரீடும் (எண் கூடினால் ரீடு கெட்டி) வைத்தால் எந்த மரமும் கைகொடுக்காது. யமஹாவோடு வருகிற 4சி மவுத்பீஸ் ஆரம்பத்துக்குப் போதும், மட்டமில்லை. அதற்கு அடுத்த படியாக வாண்டோரன் 5ஆர்வி லைர் மாதிரி திறப்பு குறைந்த ஒன்று, 2 அல்லது 2½ எண் ரீடு. எல்லோரும் பேர் சொல்லிக் கேட்கிற பி45 கொஞ்சம் திறந்த வகை. ஆறு மாதம் உதடு ஏறின பிறகு அதை எடுக்கலாம். நல்ல மவுத்பீஸ் போட்ட 255, சாதாரண மவுத்பீஸ் போட்ட மர வாத்தியத்தைவிட நன்றாகப் பேசும். ஒரு மவுத்பீஸ், வழக்கமான ரகமான பி ஃபிளாட் கிளாரினெட் எதிலும் அநேகமாகப் பொருந்தும் என்பதால் நாளைக்கு மரம் வாங்கினாலும் இந்தக் காசு வீண்போகாது.

மேல் பல்வரிசை கட்டிய பல்லாக இருப்பவர்கள் மவுத்பீஸின் மேல் ஒட்டுகிற மெல்லிய ரப்பர் ஒட்டு ஒன்று வாங்கிக்கொள்ள வேண்டும். அதிர்வு பல்லுக்கு ஏறாது. இதை யாரும் கூச்சத்தில் கேட்பதில்லை. இரண்டு வாரத்தில் வாத்தியத்தை மூடி வைத்துவிட்டு ‘வயசாயிட்டு’ என்று சொல்லிவிடுகிறார்கள். வலது கட்டைவிரல் வலியும் இதே கதைதான். கட்டைவிரல் தாங்கி மேலே கீழே நகர்கிறதா, கழுத்து வார் மாட்ட வளையம் இருக்கிறதா என்று பாருங்கள். 255-இல் இரண்டும் உண்டு. பழைய மர வாத்தியங்கள் பலவற்றில் தாங்கி அசையாமல் திருகி வைத்திருக்கும்.

இனி, ஊர் வெயில். மரத்தைப் பற்றி ஐரோப்பியர்கள் எழுதுகிற எச்சரிக்கை எல்லாம் குளிரைப் பற்றியது. சில்லிட்ட குழலுக்குள் சூடான மூச்சு போனால் உள்பக்கம் விரியும், வெளிப்பக்கம் விரியாது, வெடிக்கும். நமக்கு அந்தக் குளிர் இல்லை. நமக்கு இருப்பது வேறு. கத்திரி வெயிலில் காய்ந்த மரம், ஆனி ஆடியில் ஊரைத் தூக்குகிற வறண்ட காற்றில் இன்னும் காயும். குற்றாலத்தில் சாரல் அடிக்கிற அதே நாட்களில் திருநெல்வேலிச் சமவெளியில் மண்தான் பறக்கும். ஐப்பசி கார்த்திகையில் மழை வந்ததும் அதே மரம் ஈரத்தைக் குடித்து உப்பும், மூட்டுகள் இறுகிக் கழற்ற வராது. காய்ந்த மாதங்களில் மூட்டு ஓரத்து உலோக வளையம் கையால் சுற்றினால் சுற்றும். வளையம் சுற்றுகிறது என்றால் மரம் சுருங்கிவிட்டது, அடுத்தது வெடிப்பு என்று அர்த்தம். வெடிப்பு அநேகமாக மேல் மூட்டில் (குழலின் மேல் பாதித் துண்டில்), பேரலுக்கு, அதாவது மவுத்பீஸை அடுத்த குட்டைத் துண்டுக்குக் கீழே, ட்ரில் சாவித் துளைகளை (இரண்டு ஸ்வரத்தை வேகமாக மாற்றி ஒலிக்க உதவுகிற சின்னத் துளைகளை) ஒட்டி விழும். ஈரம் அதிகம் படுகிற இடமும் அதுதான்.

இதோடு ஏசி சேர்ந்துகொண்டது. சர்ச்சில் ஏசி, கல்யாண மண்டபத்தில் ஏசி, வெளியே நாற்பதைத் தொடுகிற வெயில். ஒரு ஞாயிற்றுக்கிழமையில் இரண்டுக்கும் நடுவே நாலு தடவை போய் வருகிற வாத்தியத்துக்கு மரம் தோதில்லை. மரம் வாங்கியே தீருவது என்றால் சில ஒழுக்கங்கள் வேண்டும். புதிதாக வந்த முதல் சில வாரம் நாளொன்றுக்கு இருபது நிமிடத்துக்கு மேல் ஊதக் கூடாது. வாசித்து முடித்ததும், நெடுநேரம் வாசித்தால் நடுவிலும், துணி இழுத்துத் துடைக்க வேண்டும். பெட்டிக்குள் ஒரு சின்ன ஈரப்பதமானி. 40-க்கும் 60-க்கும் நடுவே முள் நிற்க வேண்டும். பூட்டின காருக்குள் வைத்துவிட்டு வண்ணார்பேட்டையில் சாமான் வாங்கப் போகக் கூடாது. இந்தக் கடைசி விதி பிளாஸ்டிக்குக்கும் உண்டு. குழல் தாங்கினாலும் பேடை (சாவிக்கு அடியில் துளையை அடைக்கிற மெத்தையை) ஒட்டிய பசை இளகி விழும்.

எண்ணெய் பற்றிக் கேட்பார்கள். நாகசுரக்காரர் பழக்கத்தில் தேங்காயெண்ணெய் தடவ வேண்டாம். அது பேடில் இறங்கிப் பிசுபிசுக்கும், நாளாவட்டத்தில் நாறும். மரம் உண்மையிலேயே வெளுத்துக் காய்ந்து தெரிந்தால் பாதாம் எண்ணெயைத் துணியில் தொட்டு உட்குழலில் மட்டும், அதுவும் துளியாக.

வெயிலால் இன்னொரு தொல்லை, மரம் பிளாஸ்டிக் இரண்டுக்கும் பொதுவானது: சுருதி ஏறும். 20 டிகிரியில் ஒலியின் வேகம் நொடிக்கு 343 மீட்டர், 35 டிகிரியில் ஏறக்குறைய 352. கணக்குப்படி அது கிட்டத்தட்ட அரைஸ்வரத்தில் பாதி உயர்வு. மூச்சே குழலைச் சூடாக்கி வைத்திருப்பதால் நிஜத்தில் அவ்வளவு ஏறாது, ஆனால் ஏறும். கன்வென்ஷன் பந்தலில் மே மாதச் சாயங்காலம் கீபோர்டு 440 ஹெர்ட்ஸ் சுருதியில் அசையாமல் நிற்கிறது, கிளாரினெட் மேலே மிதக்கிறது. பேரலை இழுத்தால் இறங்கும். அதிகம் இழுத்தால் நடு ஸ்தாயியின் தொண்டை ஸ்வரங்கள் மட்டும் அளவுக்கு மீறி இறங்கிப் போகும், மற்றவை அவ்வளவு இறங்காது. யமஹாவின் வழக்கமான பேரல் 65 மில்லிமீட்டர். 66 அல்லது 67-இல் தனியாக ஒன்று வாங்கி வைத்துக்கொண்டால் நம் ஊர் கோடையைச் சமாளிக்கலாம். மரத்துக்குப் போகிற பணத்தில் ஒரு சிறு பங்கை இதற்கு ஒதுக்கச் சொல்வேன். ஒரு கம்பெனிப் பேரல் இன்னொன்றுக்குப் பொருந்தாது, அளந்து வாங்குங்கள்.

பழுது பார்ப்பது அடுத்து. நம் ஊரில் நாகசுரத்துக்கு மரவேலை தெரிந்தவர் உண்டு, சாவி வேலை தெரியாது. பேண்டு செட்டு ஆட்களுக்குச் சாவி வேலை கொஞ்சம் தெரியும், நூல், மெழுகு, ரப்பர் பேண்டு என்று ஒப்பேற்றி அன்றைய ஊர்வலத்தை முடித்துவிடுவார்கள். அந்தச் சாமர்த்தியத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் பேடு முழுவதும் மாற்றி, காற்று ஒழுகாமல் சமன்செய்வது வேறு வேலை. அதற்குச் சென்னைதான், 1842-இலிருந்து நடக்கிற மியூசி மியூசிக்கல் மாதிரிக் கடைகளில் விசாரித்துப் போக வேண்டும், நெல்லை எக்ஸ்பிரஸில் ஒரு ராத்திரி. பேடு, கார்க், ஸ்பிரிங் எல்லாம் மரத்திலும் பிளாஸ்டிக்கிலும் ஒரே மாதிரித்தான் தேயும். மரத்துக்கு மட்டும் கூடுதலாக வெடிப்பு. மயிரிழை வெடிப்பு என்றால் நல்ல கையில் ஒட்டுப்போட்டு, பட்டை கட்டி, பல வருடம் ஓட்டலாம். ஆனால் அந்தக் கையைத் தேடி அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டுமென்றால் அதையும் விலையோடு கூட்டிப் பார்க்க வேண்டும். திருச்செந்தூர், உவரி, தூத்துக்குடி என்று கடலோரம் இருப்பவர்களுக்கு இன்னொரு கணக்கு: உப்புக் காற்றில் எஃகு ஸ்பிரிங் துருப்பிடித்து ஒடியும். வாங்கும்போதே உபரி ஸ்பிரிங் ஒரு செட் கேளுங்கள்.

கர்நாடக இசைக்காகத் திரும்புகிறவர் இந்தக் கட்டுரையைக் கொஞ்சம் வேறு மாதிரிப் படிக்க வேண்டும். கிளாரினெட்டைக் கச்சேரி மேடையின் நடுவில் உட்கார வைத்த ஏ.கே.சி. நடராஜனுக்கு 2008-இல் சங்கீத கலாநிதியும் 2022-இல் பத்மஸ்ரீயும் வந்தன. ஆக இது இரவல் வாத்தியம் என்ற பேச்சு இனி எடுபடாது. கமகத்துக்கு விரலைத் துளையிலிருந்து வழுக்கி எடுக்க வேண்டும், அரைத்துளை வைக்க வேண்டும். இன்று கடையில் கிடைக்கிற போம் முறை என்ற சாவி அமைப்பில் துளையைச் சுற்றி வளையச் சாவி இருக்கிறது, விரல் வழுக்கும்போது வளையமும் ஏறி இறங்கும். வளையம் உயரமாக நின்றால் கமகம் படிப்படியாக ஒடியும். இது மரமா பிளாஸ்டிக்கா என்பதைப் பொறுத்ததல்ல, சாவியைச் சமன்செய்கிறவர் கையில் இருக்கிறது. பி ஃபிளாட் குழலில் எழுதிய ஸி ஸ்வரம் ஒலிப்பது ஆறரைக் கட்டையில், எழுதிய ஈ இரண்டு கட்டையில். எங்கே ஸட்ஜம் வைப்பீர்கள் என்று முடிவு செய்துவிட்டு அந்த விரலமைப்பில் பத்து நிமிடம் வாசித்துப் பார்த்தபிறகே வாங்க வேண்டும். நாகசுரம் வாசித்தவர் கைமாறி வந்தால் முதலில் திகைப்பார். அங்கே ஊதலை ஏற்றினால் அதே ஸ்வரம் மேல் ஸ்தாயியில் வரும், இங்கே பன்னிரண்டாவது ஸ்வரத்துக்குத் தாவும். பழகினால் சரியாகிவிடும்.

மரத்துக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவே ஒரு வழி இருப்பது பலருக்குத் தெரியவில்லை. யமஹா 450எம், டூயட் பிளஸ் என்று சொல்வது: வெளியே மரம், ஈரம் படுகிற மேல் பாகத்தின் உட்குழலில் ஏபிஎஸ் உறை. உள்ளே மூச்சின் ஈரம் மரத்தைத் தொடாது என்பதால் வெடிக்கிற பயம் வெகுவாகக் குறைகிறது. ஏசிக்கும் வெயிலுக்கும் நடுவே ஓடுகிற ஞாயிற்றுக்கிழமைக்காரருக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். புஃபேயின் கிரீன்லைன் இன்னும் ஒரு படி மேலே, கருமரத் தூளைப் பிசினோடு அழுத்தி வார்த்தது, வெடிக்காது. ஆனால் விலை தொழில்முறை ரகத்தோடு போகிறது.

ஆகவே, பனிமய மாதா திருவிழா ஊர்வலம், தேரோட்டம், கல்யாண அழைப்பு என்று தெருவில் வாசிக்கிறவர் யோசிக்கவே வேண்டாம், 255 அல்லது ப்ரோடிஜ், அதோடு நல்ல மவுத்பீஸ். வீட்டுக்குள், விசிறிக்குக் கீழே, தினம் ஒரு மணி நேரம் வாசிக்கிறவர், அதுவும் ஆறு மாதம் விடாமல் வாசித்துக் காட்டினவர், மரத்துக்குப் போகலாம். அப்போது 450-ஐயும் இ13-ஐயும் அருகருகே வைத்து ஊதிப் பாருங்கள். 450 சுருதியில் சமமாக நிற்கும், தப்பு செய்ய விடாது. எனக்கு அது கொஞ்சம் அடக்கமான குரலாகத் தோன்றும். இ13 திறந்து பேசும், காற்றை அதிகம் கேட்கும். உதடு தேறினவருக்கு அது சந்தோஷம். இ11 விலையில் நெருங்கி வந்தாலும், புதிதாக வாங்குவதானால் நான் 450-ஐத்தான் எடுப்பேன். இணையத்தில் 255-ஐவிடக் குறைந்த விலைக்கு ‘ரோஸ்வுட் கிளாரினெட்’ என்று பேர் தெரியாத ஒன்று பளபளப்பாக வரும். அந்த விலையில் மரத்துக்கே காசு போய்விட்டால் சாவிக்கு என்ன மிஞ்சியிருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, மேலே தள்ளிவிடுங்கள். மீரட்டின் ஜாலி கோட்டியில் செய்கிற பேண்டு வாத்தியங்கள் வேறு சங்கதி. ஊர்வலத்துக்கென்றே அங்கே தலைமுறையாகச் செய்கிறார்கள். கீபோர்டோடு சேர்ந்து வாசிக்கப் போகிறவர் மட்டும் சுருதிமானி வைத்து ஒவ்வொரு ஸ்வரமாகப் பார்த்து எடுக்க வேண்டும்.

சிங்கப்பூரிலிருந்து மச்சினனைக் கொண்டுவரச் சொல்லலாமா, இது தடைசெய்யப்பட்ட மரமாமே என்றும் கேட்கிறார்கள். 2017 ஜனவரியில் இந்த மரம் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்ந்தது வாஸ்தவம். 2019 நவம்பரிலிருந்து செய்து முடித்த வாத்தியங்களுக்கு அதில் விலக்கு உண்டு. சுங்க வரி தனி, அதை மச்சினன் விசாரித்துக்கொள்ளட்டும்.

கடைசியாக, செகண்ட் ஹேண்ட். மரம்தான் வேண்டும், பணம் அவ்வளவு இல்லை என்றால் இது நல்ல வழி. பழைய பிரெஞ்சு நோப்லே மாதிரி நடுத்தர மர வாத்தியங்கள் அவ்வப்போது கைக்கு வரும். மேல் மூட்டைத் தனியாக எடுங்கள், எல்லாத் துளையையும் விரலால் அடைத்து, கீழ் வாயை உள்ளங்கையால் மூடி, மேலே வாய் வைத்து உறிஞ்சுங்கள். எடுத்தபின்னும் சில நொடி உறிஞ்சல் நின்று ‘பொப்’ என்று விட்டால் பேடு நல்லது. டார்ச் அடித்து ட்ரில் துளைகளைச் சுற்றிப் பாருங்கள். மெழுகோ கறுப்புப் பெயின்டோ அப்பியிருந்தால் அதன் கீழே வெடிப்பு. இரண்டு மூட்டையும் சேர்த்து ஆட்டினால் ஆடக் கூடாது. பி ஃபிளாட்தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள், ஏ குழலும் ஸி குழலும் பழைய பெட்டிகளில் கலந்து கிடக்கும். சாவி அமைப்பு போம் முறையா, பழைய ஆல்பர்ட் முறையா என்பதும் முக்கியம். பள்ளிக்கூடத்தில் கற்ற விரல் ஆல்பர்ட்டில் செல்லாது.

பழைய பட்டாளத்து வாத்தியமாக இருந்தால் கம்பெனி முத்திரைக்குக் கீழே இரண்டு சின்ன எழுத்து தேடுங்கள். எல்.பி. (லோ பிட்ச், தாழ்ந்த சுருதி) என்றால் வாங்கலாம். எச்.பி. (ஹை பிட்ச்) என்றால் அது வெள்ளைக்காரன் ராணுவப் பேண்டுகள் 1920-கள் வரை வைத்திருந்த உயர்ந்த சுருதி, 452 பக்கம். பேரலை எவ்வளவு இழுத்தாலும் இன்றைய கீபோர்டோடு சேராது. எவ்வளவு அழகான மரமாக இருந்தாலும், விற்கிறவர் எவ்வளவு குறைத்தாலும், அதை விட்டுவிட்டு வாருங்கள்.